37 சதவீதத்தில் நின்றுபோகும் விண்டோஸ்

மரக்காணத்தில், உப்புக் குவியல்கள் ஜன்னல் வழியாகத் தெரியும் தூரத்தில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ அசெம்பிள் செய்த புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டீர்கள். மகளுடைய கல்லூரி புராஜெக்ட் காத்திருக்கிறது. பென் டிரைவைச் செருகி விண்டோஸ் 11 தொகுப்பை இன்ஸ்டால் செய்யத் தொடங்கினால், 37 சதவீதத்தில் நின்று எரர் மெசேஜ் வருகிறது. மறுபடி முயன்றால் 62 சதவீதத்தில் நிற்கிறது. கடைக்குப் போன் செய்தால், "போர்டு போயிருக்கும் சார், தூக்கிட்டு வாங்க" என்கிறார்கள்.

தூக்குவதற்கு முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். இன்ஸ்டலேஷன் எந்த இடத்தில் நின்றது, என்ன எண் காட்டியது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். மூன்று முறை செய்து பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால், முதலில் பென் டிரைவைச் சந்தேகப்படுங்கள். அதில் பதிந்த பைல் பழுதாகியிருக்கலாம். வேறொரு பென் டிரைவில் (குறைந்தது 8 ஜிபி), மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் புதிதாகத் தயாரியுங்கள். பைல்களை வெறுமனே காப்பி செய்து ஒட்டினால் போதாது. பேட்32 முறையில் பார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை பைல் உட்காராது. விண்டோஸின் முக்கியமான பைல் இப்போது பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. கம்ப்யூட்டர் புதியது என்றாலும், அதை நிறுவும் பென் டிரைவ் மூடியில்லாமல் பல மாதம் அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம். இதை மறந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? அப்போது சந்தேகம் ராம் பக்கம் திரும்ப வேண்டும். காரணம் எளிது. விண்டோஸ் தொகுப்பு பென் டிரைவில் சுருக்கிய நிலையில் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக ராமில் ஏற்றி, விரித்து, சரிபார்த்து, பிறகு டிஸ்க்கில் எழுதுகிறார்கள். நடுவே ஒரே ஒரு பிட் மாறினாலும் கணக்கு உதைக்கும். உடனே பைல் கெட்டுவிட்டது என்று மெசேஜ் வரும். 80070570 என முடியும் எண் இந்த வகைதான். உண்மையில் பைல் நன்றாகவே இருக்கும்.

இந்த இடத்தில்தான் உப்பளம் வருகிறது. கடற்காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்பு எல்லாப் பொருளின் மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். உப்பு நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். சுமார் 33 சதவீதமே அதற்குப் போதும். கடற்கரை ஊர்களில் இரவு ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது சகஜம். ஆக, பகலில் வெறும் தூசியாக இருந்தது இரவில் மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிவிடும். ஒரே நாளில் எதுவும் அரித்துவிடாது. ஆனால் கம்ப்யூட்டரை வாங்கி, பிள்ளை ஊரிலிருந்து வரட்டும் என்று ஜன்னலோரம் இரண்டு மாதம் திறந்து வைத்திருந்தால் நிலைமை வேறு.

செய்ய வேண்டியது இது. வாரண்டி சீல் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கடைக்காரரைக் கேளுங்கள். சீல் இல்லை என்றால், பவர் கார்டைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு, ராமை எடுங்கள். தொடுமுனைகளை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை பென் டிரைவிலிருந்து ஓடவிட்டும் சோதிக்கலாம். சில மணி நேரம் பிடிக்கும். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்றத்தான் வேண்டும்.

ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்த லேப்டாப்பை உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த பாகங்களில் வியர்த்திருக்கும். ஓரிரு மணி நேரம் பொறுங்கள்.

இன்ஸ்டலேஷன் தொடங்கவே இல்லை, டிஸ்க் எதுவும் தெரியவில்லை என்றால் அது வேறு கதை. 11ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் பிராசசர் கொண்ட பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற வசதி இயக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் டிஸ்க் தெரியும். 'இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இயங்காது' என்று வந்தால் பயாஸ் அமைப்பில் டி.பி.எம். அணைந்திருக்கலாம். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டில் எப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கும். அதற்குப் பதில் விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறதா? பழுது எதுவும் இல்லை. பென் டிரைவை எடுக்க மறந்துவிட்டீர்கள்!

ஒரு எச்சரிக்கை. 'டிஸ்க் ஜி.பி.டி. முறையில் உள்ளது, நிறுவ முடியாது' என்ற மெசேஜைப் பார்த்து, கண்ணில் பட்ட பார்ட்டிஷனை எல்லாம் டெலீட் செய்துவிடுவார்கள். கல்யாணப் போட்டோ வைத்திருந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். தொடங்கும் முன்பே மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். அந்த மெசேஜுக்குத் தீர்வு, பென் டிரைவை யு.இ.எப்.ஐ. முறையில் பூட் செய்வதுதான்.

அழிந்தது போலத் தோன்றுவதெல்லாம் அழிந்ததும் அல்ல. 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்படி இரண்டு சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸை மட்டும் மறுபடி போட்டால், தொடக்கத்தில் எதை இயக்குவது என்று கேட்கும் மெனு காணாமல் போகும். அதன் பார்ட்டிஷனைத் தொடாத வரை லினக்ஸ் டிஸ்க்கிலேயே இருக்கும். மெனுவை மட்டும் மீட்டால் போதும்.

எல்லாம் செய்தும் நின்றால் கடைக்குக் கொண்டு போங்கள். பில்லுடன் அந்தப் பேப்பரையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ராம் இருந்தபோது எத்தனை சதவீதத்தில் நின்றது என்று காட்டுங்கள். ராமுக்கும் மதர்போர்டுக்கும் வாரண்டி தனித்தனி. ராம்தான் பழுது என்று தெரிந்துவிட்டால், போர்டை மாற்றுவதற்குப் பணம் கேட்க இடமில்லை.