கையெழுத்து போடாத தங்கச்சி!
ஏலத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாங்கி ஏலத்தில் ஒரு சொத்தை ரூ.12 கோடியே 27 லட்சத்துக்கு கேட்டார் ஒருவர். அதில் கால் பங்கு, அதாவது ரூ.3 கோடிக்கு மேல், கட்டியும் விட்டார். மீதியை கெடுவுக்குள் கட்ட முடியவில்லை. கட்டிய பணம் அம்போ!

தமிழ்நாட்டில் நடந்த வழக்கு இது. ஐகோர்ட்டில் அவருக்கு சாதகமாக தீர்ப்பு வந்தது. ஆனால் 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, "பாங்கி பணத்தை பறிமுதல் செய்தது சரியே" என்று சொல்லிவிட்டது.

15 நாள் கெடு

கடன் கட்டாதவரின் சொத்தை 2002-ம் ஆண்டின் "சர்பாசி" சட்டப்படி பாங்கி ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் அன்றைக்கே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 15 நாளில். எழுதி வாங்கினாலும் 3 மாதத்துக்கு மேல் தவணை கிடையாது. ஆகவே பணத்தைக் கட்டிவிட்டு பத்திரத்தை புரட்டுவதில் பிரயோஜனம் இல்லை. எல்லா தேடலும் ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

"பார்க்காமலா பாங்கியில கடன் குடுத்திருப்பாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏல நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி" என்று போட்டிருப்பதை அவர்கள் படிப்பதில்லை. வீட்டோடு வம்பும் சேர்த்துத்தான் விற்பனை!

வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பார்ப்பது நல்லது. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புது எண் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். ஒன்றை விட்டால், வில்லங்கமே இல்லாதது போல சுத்தமான சான்று வந்து சேரும். அதைப் பார்த்து சந்தோஷப்பட்டு ஏமாந்தால் யாரை குறை சொல்வது?

சரியாகத் தேடினாலும் அதில் எல்லாம் வராது. சார்பதிவாளர் ஆபீசில் உயில் பதிவாவது 3-ம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று காட்டுவதோ 1-ம் புத்தகத்தை. போதாக்குறைக்கு, உயிலை பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டமும் இல்லை.

இதைவிட பெரிய தலைவலி வாரிசு. உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அவரது சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கு சமமான பங்கு உண்டு. 1956-ம் ஆண்டு இந்து வாரிசு சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால், "தங்கச்சியத்தான் கட்டிக் குடுத்தாச்சே" என்று அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்துக்கொண்ட வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அண்ணன் அடமானம் வைத்தது அண்ணனின் பங்கை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஏலத்தில் எடுத்தவர் பால் காய்ச்சும் நேரத்தில், தங்கச்சி பாக வழக்கு போட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

எனவே வாரிசு சான்றில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பாகப்பிரிவினையிலோ, விடுதலை பத்திரத்திலோ கையெழுத்து போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரங்கள் பாங்கியில்தான் இருக்கும். வக்கீலை கூட்டிப்போய், ஏலத்துக்கு முன்பே காட்டச் சொல்லி கேட்கலாம்.

வீட்டுக்குள் யார்?

பட்டாவும் முக்கியம். சென்னை நகரத்துக்குள் என்றால் நகர நில அளவை பதிவேட்டின் நகல். புறம்போக்கு, கோவில் நிலம் என்றால் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் நேரில் ஒரு நடை. பாங்கியிடம் சாவி இருக்கிறதா, பெயரளவு சுவாதீனம் மட்டும்தானா என்று நோட்டீசில் போட்டிருக்கும். பெயரளவு என்றால் பழைய ஓனரோ, வாடகைக்காரரோ உள்ளேயே இருக்கலாம். சொத்துவரி, தண்ணீர் வரி பாக்கியையும் விசாரிக்க வேண்டும். பழைய ஓனரின் கரண்டு பாக்கியை கட்டினால்தான் புது இணைப்பு என்று, விதியில் இடம் இருந்தால், மின்வாரியம் கேட்கலாம் என 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது.