உருகிய உலோகம் ஓடும் வேகம் என்ன?

தண்ணீரின் வேகத்தை அளக்க நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபில் பிட்டாட் குழாய், வென்ச்சுரிமீட்டர், ஆரிஃபிஸ்மீட்டர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் குழாயில் ஓடுவது உருகிய சோடியம் என்றால்?

கல்பாக்கத்தில் 1985-இல் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையைக் குளிர்விப்பது திரவ சோடியம்தான். 98 டிகிரி செல்சியஸில் உருகும். சூடான சோடியம் காற்று பட்டால் தீப்பிடிக்கும்; தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம்! குழாயில் துளை போட்டு மானோமீட்டர் மாட்டுவது வம்பு. அளக்காமலும் விட முடியாது. ஓட்டம் குறைந்தால் எரிபொருள் அளவுக்கு மீறிச் சூடேறும். மீட்டர் முந்திச் சொன்னால்தான் உலையை நிறுத்தலாம்.

வழி காட்டியவர் ஃபாரடே. காந்தப்புலத்தைக் கடத்தி ஒன்று குறுக்கே வெட்டினால் மின்னழுத்தம் பிறக்கும். 1832-இல் பூமியின் காந்தத்தை நம்பித் தேம்ஸ் நதியிலேயே முயன்றார், சரிவரவில்லை. சோடியமோ அருமையான கடத்தி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயின் இரு பக்கமும் நிலைக்காந்தம், அதற்குச் செங்குத்தாக வெளிச்சுவரில் பற்றவைத்த இரண்டு மின்முனைகள், அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். காந்தப்புலம் 0.1 டெஸ்லா, விட்டம் 0.1 மீட்டர், வேகம் விநாடிக்கு 2 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 20 மில்லிவோல்ட். குழாய்ச் சுவர் இதில் கொஞ்சம் தின்றுவிடும்; அதற்குத் திருத்தம் உண்டு. வேகம் இரட்டித்தால் மில்லிவோல்ட்டும் இரட்டிக்கும். ஆரிஃபிஸ் மாதிரி வர்க்கமூலம் தேட வேண்டியதில்லை.

ஒரகடம் பக்கம் வேலைக்குப் போனால் தண்ணீர்க் குழாய்களில் நீங்கள் பார்க்கும் மேக்னடிக் ஃப்ளோமீட்டரும் இதே தத்துவம்தான். தண்ணீர் சுமாரான கடத்தி. ஆகவே குழாய்க்குள் மின்காப்பு உறை வேண்டும்.

வைவாவில் என்னைக் கேட்ட கேள்வி: எண்ணெய்க்கு இது உதவுமா? உதவாது நண்பர்களே, எண்ணெய் மின்சாரம் கடத்தாது!