பாட்டி திமிங்கலமும் ஒரு வருஷ அப்பாவும்!

இரண்டுமே பாலூட்டிகள். இரண்டுமே வேட்டையாடிப் பிழைப்பவை. ஒன்று, இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். இன்னொன்று, வெள்ளானூர் வீடுகளில் சுவரோரமாக ஓடுமே மூஞ்சூறு, அந்த சைஸ்!

முதலாவது, பைலட் திமிங்கலம். கணவாயைத் துரத்திக்கொண்டு சுமார் 1,000 மீட்டர் ஆழம் வரை பாயும். வாழ்வதோ கூட்டுக்குடும்பமாக. பெண் திமிங்கலங்கள் 40 வயதுக்குள் குட்டி ஈனுவதை நிறுத்திவிட்டாலும், 60 வயதைத் தாண்டியும் வாழ்வதுண்டு. அப்படிப்பட்ட மூத்த பெண்கள் சிலவற்றுக்குப் பால் சுரந்ததை, ஜப்பான் கடலில் பிடிபட்டவற்றை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பேரன், பேத்திக்குப் பாட்டி பால் கொடுக்கிறாள் போல!

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் ஆன்டிகைனஸ். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் புல் மேயாது. பூச்சி, சிலந்திகளை வேட்டையாடும். இதில் ஆணின் கதைதான் பாவம். வருடத்துக்கு ஒரே ஒரு இனச்சேர்க்கைக் காலம், அதுவும் இரண்டு மூன்று வாரம்தான். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஜோடி தேடி அலையும். உடலில் கார்ட்டிசால் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறி, நோய் எதிர்ப்புச் சக்தி சரிந்து, வயிற்றில் புண் வந்து, எல்லா ஆண்களும் செத்துவிடும். முதல் பிறந்தநாளைக்கூடப் பார்ப்பதில்லை. குட்டிகள் பிறக்கும்போது அப்பா என்று ஒருவர்கூட உயிரோடு இருக்க மாட்டார்!

அப்படியென்றால் திமிங்கலம்தான் கொடுத்துவைத்ததா? அவசரப்பட வேண்டாம்.

2016 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். பல, மறுபடியும் கரைக்கே திரும்பின. 1973 ஜனவரியிலும் அதே கடற்கரைப் பகுதியில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. ஒன்று நோயுற்றோ வழி தவறியோ கரைக்கு வந்தால், மற்றவை அதை விட்டுப் போவதில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம். வாழவைக்கும் பாசமே சில நேரம் உயிரையும் எடுத்துவிடுகிறது.

கடற்கரையில் உயிரோடு ஒதுங்கிய திமிங்கலத்தைப் பார்த்தால் உடனே வனத்துறைக்கோ கடலோரக் காவல் படைக்கோ சொல்லுங்கள். ஈரத்துணி போர்த்தி உடலை நனைத்துக்கொண்டே இருக்கலாம். தலைக்கு மேல் இருக்கும் துளையில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அதுதான் அதற்கு மூக்கு. செல்ஃபி எல்லாம் அப்புறம்!