முதல் ஆல்பத்துக்கு முன்னால்: சிவகாசி விசுவநாத தாஸும் 'அன்னக்கிளி'யும்

ஒரு நாட்டுப்புறப் பாடகரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி, "முதல் ஆல்பம் எப்போது வந்தது?" என்பதுதான். ஆண்டு கிடைத்ததும் அங்கே ஒரு கோடு போட்டு, அவருடைய இசை வாழ்க்கை அன்றைக்குத் தொடங்கியது என்று முடிவுகட்டி விடுகிறோம். இந்தக் கணக்கே தவறு என்பதுதான் இந்தக் காணொளியில் நான் சொல்ல வருவது. கிராமத்து மேடையிலிருந்து வருகிற கலைஞனுக்கு முதல் ஆல்பம் அறுவடை நாள். அதை விதைத்த நாள் என்று எழுதினால் அதற்கு முன்பு நடந்த உழவு முழுவதும் காணாமல் போய்விடும். அறுவடைக்கே வழியில்லாத காலத்தில் பாடியவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். அப்படிக் கணக்கில் வராமல் போன ஒருவர் சிவகாசியில் பிறந்தவர். அவரிடம் போவதற்கு முன், நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு முதல் ஆல்பத்தைப் பார்ப்போம்.

'அன்னக்கிளி' 1976 மே மாதம் வெளியானது. தேவராஜ்–மோகன் இயக்கிய படம், பஞ்சு அருணாசலத்தின் பாடல்கள், எஸ். ஜானகியின் குரல். இசையமைப்பாளராக இளையராஜாவுக்கு அது முதல் படம். தமிழ் சினிமாவுக்குள் கிராமத்து இசை நுழைந்த நாள் என்றே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அப்போது அவருக்கு வயது 32. பதின்ம வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பாடியவர் அவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாவலர் தானே பாட்டு கட்டி, கேட்பவர்களுக்குப் பழகிய மெட்டில் பாடுவார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. எந்த மெட்டுக்குக் கூட்டம் எழுந்து உட்காரும், எந்த இடத்தில் கலையும் என்பதை இளையராஜா கற்றுக்கொண்டது அந்த மேடைகளில்தான். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். மேசையில் தாளம் போட்டு அவர் பாடிக் காட்டிய மெட்டுகளைக் கேட்டுத்தான் பஞ்சு அருணாசலம் வாய்ப்பு கொடுத்தார் என்பது திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. ஆக, 1976இல் ஓர் இசைத்தட்டில் ஏறியது ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. அமெரிக்காவின் கன்ட்ரி இசை 1927இல் பிரிஸ்டல் என்ற நகரத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் அங்கே ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து தங்கினார். ஜிம்மி ரோஜர்ஸும் கார்ட்டர் குடும்பமும் அவர் முன்னால் பாடினார்கள். ஆனால் ரோஜர்ஸ் அதற்கு முன்பே ரயில்வேயில் பிரேக்மேனாக வேலை பார்த்தவர், ஊர் சுற்றும் மருந்து விற்பனைக் காட்சிகளில் பாடியவர். கார்ட்டர் குடும்பம் பாடியவற்றில் பல, மலைக் கிராமங்களில் வாய்வழியாகப் புழங்கிய பழைய பாட்டுகள். பிறந்தது இசை இல்லை, இசைக்கு ஒரு சந்தை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிவகாசிக்கு வருவோம்.

தீப்பெட்டியும் பட்டாசும் அந்த ஊருக்கு வருவதற்கு வெகு முன்பே, 1886இல், சிவகாசியில் பிறந்தவர் விசுவநாத தாஸ். வளர்ந்ததும் வாழ்ந்ததும் திருமங்கலத்தில். மருத்துவர் சமூகத்தில், அதாவது ஊர் முடிதிருத்துகிறவர்கள் என்று ஒதுக்கி வைத்த சமூகத்தில் வந்தவர். அவர் மேடை ஏறிய ஸ்பெஷல் நாடகம் தனி வகை. நாயகனாக வரும் ராஜபார்ட், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் தெரியும். மற்றதை இரவு முழுக்க மேடையிலேயே பாட்டாலும் தர்க்கத்தாலும் கட்டிக்கொள்ள வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனக் காட்சி ஒன்று உண்டு. வள்ளி பரண் மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். முருகனாக வரும் தாஸ் அந்தக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். தினையைத் தின்ன வந்த வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், வாசலில் நின்ற போலீசுக்கும் தெரியும். நாடகங்களைக் கட்டுப்படுத்த 1876இலேயே சட்டம் போட்டிருந்தது பிரிட்டிஷ் அரசு. அவர் 29 முறை கைதானதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

இப்படி ஒருவரை நாம் தியாகி என்று போற்றுகிறோம். பாடகர் என்ற வரிசையில் வைத்துப் பேசுவது அரிது. காரணம், பிடித்துக்கொள்ள ஒரு முதல் ஆல்பம் இல்லை. அவர் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் பிடிக்கும். முழு ஆல்பத்தையும் தாங்கும் நெடுநேரத் தட்டு சந்தைக்கு வந்ததே 1948இல், அவர் இறந்து ஏறத்தாழ எட்டு ஆண்டு கழித்து. விடிய விடிய நடக்கும் ஒரு கலையை மூன்று நிமிடத்துக்குள் எப்படி அடைக்க முடியும்? கருவிக்கு இருந்த குறையைக் கலைஞனின் குறையாக வரலாறு எழுதிவைத்திருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: அவர் பாடியவற்றில் பல, மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதியவை, அப்படியிருக்க அவரைப் பாட்டு கட்டும் பாடகர் என்று எப்படிச் சொல்வது? எழுதியவருக்கு உரிய பெருமையை எழுதியவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒத்திகையில்லாத மேடையில், எந்தப் பாட்டை எந்தக் காட்சியில் வைப்பது, எதிரில் நிற்பவரின் தர்க்கத்துக்கு எப்படி மறுமொழி சொல்வது, போலீஸ் எழுந்து வரும்போது நிறுத்துவதா தொடர்வதா என்பதெல்லாம் பாடுகிறவர் அந்த நொடியில் எடுக்கும் முடிவுகள். வெள்ளைக் கொக்கைத் தாளில் படித்தால் அது ஒரு பறவை. தினைப்புனத்தில் முருகன் பாடும்போதுதான் அது அரசாங்கம். அந்த அர்த்தத்தை உண்டாக்கியவர் பாடியவர். சிறைக்குப் போனவரும் அவரே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒலியே கையில் இல்லாதபோது இசையைப் பற்றி என்ன பேச முடியும்? அவருடைய குரலின் கனத்தையோ பிர்காவையோ பற்றி இங்கே நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாடகரின் வேலை குரலோடு முடிவதில்லை. 'வள்ளி திருமணம்' இன்றும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. அந்தக் காட்சி எப்படிக் கட்டப்பட்டது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய சாதியைச் சொல்லி உடன் நடிக்கப் பல நடிகைகள் மறுத்தார்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான கே.பி. ஜானகியம்மாள் துணிந்து அவரோடு நடித்தார். இந்தச் செய்திகளிலிருந்து ஒரு கலைஞனின் தகுதியையும் துணிவையும் எடைபோட முடியும்.

மூன்றாவது மறுப்பு: அப்படியானால் ஆல்பத்துக்கு மதிப்பே இல்லையா? நிறைய இருக்கிறது. 'அன்னக்கிளி' தட்டில் ஏறாமல் இருந்திருந்தால், அந்த மெட்டுகள் ரேடியோவிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஒலித்திருக்காது. ஜி. ராமநாதனும் கே.வி. மகாதேவனும் முன்பே கிராமத்துச் சாயலில் பாட்டு போட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. இளையராஜா தந்த வாத்தியச் சேர்க்கை புதிது என்பதும் உண்மை. பதிவு ஒரு பாட்டைக் காக்கும், பரப்பும். ஆனால் யாரைப் பதிவு செய்வது என்பதைத் திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை. பணம், நகரத்துக்குப் போகும் வழி, சாதி, அரசாங்கத்தின் கண் எல்லாம் சேர்ந்து தீர்மானித்தன. ஆல்பத்தைக் கொண்டாடுவோம், அதை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த அநியாயங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம்.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் இதற்குச் செய்யக்கூடிய வேலை கண்முன்னே இருக்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருவிழாவில் பதிவு செய்த கேசட் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எடுத்து வையுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். வயதான ராஜபார்ட்டுகளும் ஸ்திரீபார்ட்டுகளும் இருக்கும்போதே அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்; தேதி, ஊர், உடன் வாசித்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் அதோடு எழுதி வையுங்கள். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி நாடு முழுக்கக் காலண்டர் அனுப்பும் அச்சுத்தொழில் சிவகாசியில் இருக்கிறது. விசுவநாத தாஸின் மேடைப் பாட்டுகளை ஆய்ந்து தொகுத்து, குறிப்புகளோடு ஒரு நல்ல புத்தகமாகக் கொண்டுவர அந்த ஊருக்கு எந்தத் தடையும் இல்லை. இனி எந்தப் பாடகரின் முதல் ஆல்பத்தைக் கேட்டாலும், "இது வந்தது எப்போது?" என்பதோடு நிறுத்தாமல், "இதற்கு முன் இவர் எந்த மேடைகளில் பாடினார், யாரிடம் கற்றார், அவர்களில் யார் பதிவாகாமல் போனார்கள்?" என்றும் கேட்போம். அந்தப் பதில்களையும் சேர்த்து எழுதினால்தான் அது இசை வரலாறு.