பிராட்வே: நட்சத்திரம் வராத இரவுகள்

ப்ராஜெக்ட் வேலையாக ஜெர்சி சிட்டியில் இருந்த வருடங்களில், ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நானும் மனைவியும் நியூயார்க் போனோம். இரண்டு மாதம் முன்னாடியே வாங்கிய டிக்கெட். உட்கார்ந்து பிளேபில்லைத் திறந்தால், உள்ளேயிருந்து ஒரு துண்டுச்சீட்டு மடியில் விழுந்தது. கதாநாயகி இன்று வரவில்லை, அவருக்குப் பதில் இன்னார் நடிக்கிறார் என்று இரண்டு வரி.

"காசைத் திருப்பிக் கேளுங்க" என்றாள் மனைவி. கேட்டேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நாடகத்தின் பெயருக்கு மேலே யாருடைய பெயர் அச்சாகியிருக்கிறதோ, அவர் வராவிட்டால்தான் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். நம்ம கதாநாயகியின் பெயர் கீழே இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்த 'இன்னார்' தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடினார். முடிந்ததும் அரங்கத்தில் ஒரு விநாடி சத்தமே இல்லை. எனக்கு இசை இலக்கணமெல்லாம் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் யார் என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் குறிப்புகள் அங்கே தொடங்கியவை.

ஸ்டாண்ட்பை, அண்டர்ஸ்டடி, ஸ்விங்

முதலில் அடிப்படை. 'பிராட்வே அரங்கு' என்பது தெருவின் பெயரை வைத்து அல்ல, இருக்கைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவாகிறது. மன்ஹாட்டனின் நாடக வட்டாரத்தில் 500 இருக்கைக்குக் குறையாத 41 அரங்குகள் இந்தக் கணக்கில் வருகின்றன. லிங்கன் சென்டரில் இருக்கும் விவியன் போமான்ட்டும் அதில் ஒன்று. பிராட்வே தெருவின் மேலேயே இருப்பவை மிகச் சில.

வாரத்துக்கு 8 காட்சிகள். யாருக்காவது சளி பிடிக்கும், கணுக்கால் சுளுக்கும், வீட்டில் ஒரு துக்கம் நடக்கும். காட்சி மட்டும் நிற்கக் கூடாது. அதற்கு மூன்று வகை மாற்று நடிகர்கள் இருக்கிறார்கள்.

அண்டர்ஸ்டடி என்பவர் தினமும் மேடையில் சிறு வேடத்திலோ கூட்டத்திலோ இருப்பார், தேவைப்பட்டால் பெரிய வேடத்துக்கு நகர்வார். ஸ்டாண்ட்பை மேடையிலேயே இருக்க மாட்டார், அழைப்புக்குக் காத்திருப்பார். ஸ்விங்தான் கடினமான வேலை. குழுவில் உள்ள பலருடைய இடங்களையும் ஒருவரே தெரிந்து வைத்திருப்பார். யார் எந்த எண்ணில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த நாற்காலியை யார் எடுத்துப் போக வேண்டும் என்று எல்லாமே மனப்பாடம். நம்ம பாஷையில் சொன்னால், ஒரே பேக்கப் சர்வர் ஏழெட்டு சர்வர்களுக்குத் தயாராக நிற்கிற மாதிரி. ஆனா சர்வருக்குக் கால் வலிக்காது.

நான் பார்த்தவர் ஒரு ஸ்விங். கதாநாயகி வேடத்துக்கும் அவர் அண்டர்ஸ்டடி.

மாற்று நடிகர் என்றாலே எல்லோரும் ஷெர்லி மெக்லெய்ன் கதையைச் சொல்வார்கள். 1954இல் 'தி பஜாமா கேம்' மியூசிக்கலில் கரோல் ஹேனிக்குக் கணுக்காலில் அடிபட, மெக்லெய்ன் மேடையேறினார், சினிமா தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் கண்ணில் பட்டார், நட்சத்திரமானார். உண்மைதான். ஆனால் பெரும்பாலான ஸ்விங்குகளுக்கு அப்படி எந்தத் தயாரிப்பாளரும் வருவதில்லை. மேடையேறுகிறார்கள், மறுநாள் பழையபடி காத்திருக்கிறார்கள்.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. 2020 மார்ச் 12 அன்று மூடிய பிராட்வேயின் பெரிய மியூசிக்கல்கள் 2021 செப்டம்பரில்தான் திரும்பத் திறந்தன. மூன்று மாதத்தில் ஒமிக்ரான் வந்துவிட்டது. 'தி மியூசிக் மேன்' நாடகத்தில் கதாநாயகி சட்டன் ஃபாஸ்டருக்குத் தொற்று. ஸ்விங்காக இருந்த கேத்தி வோய்ட்கோ அந்த வேடத்தில் இறங்கினார். காட்சி முடிந்ததும் ஹ்யூ ஜேக்மன் அவரை முன்னால் நிறுத்தி, ஸ்விங்குகளும் அண்டர்ஸ்டடிகளும்தான் பிராட்வேயின் அஸ்திவாரம் என்ற பொருளில் பேசினார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

திங்கட்கிழமை கேபரே

சரி, வருடத்தில் எப்போதோ மேடையேறும் ஒருவரை எப்படித் தொடர்வது? பதில்: அவருடைய விடுமுறை நாளில்.

பிராட்வேயில் பெரும்பாலான அரங்குகளுக்குத் திங்கட்கிழமை ஓய்வு. அன்றைக்கு நடிகர்கள் கேபரே பாடப் போகிறார்கள். கேபரே என்றதும் நமக்கு 70களின் சினிமா கிளப் டான்ஸ்தான் ஞாபகம் வரும். நியூயார்க் கேபரே வேறு. சின்ன அறை, ஒரு பியானோ, ஒரு பாடகர், இருபதிலிருந்து நூற்றைம்பது பேர். வேடம் கிடையாது. பாட்டுக்கு நடுவே தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லாத மேடை.

54ஆம் தெருவில் ஸ்டுடியோ 54 இருக்கிறது. 1927இல் ஓபரா அரங்காகத் தொடங்கி, 1977இல் உலகப் புகழ்பெற்ற டிஸ்கோவாகி, இன்று பிராட்வே அரங்காக இருக்கும் கட்டடம். அதன் அடித்தளத்தில் 2012இல் திறந்ததுதான் '54 பிலோ'. 46ஆம் தெருவில் 'டோன்ட் டெல் மாமா' 1982இலிருந்து நடக்கிறது. 44ஆம் தெருவின் 'பேர்ட்லேண்ட்' ஜாஸ் கிளப்பிலும் திங்கள் இரவு நாடகப் பாடகர்கள் கூடுவார்கள். கஃபே கார்லைலில் பாபி ஷார்ட் என்பவர் 1968 முதல் 2004 வரை பாடினார். ஒரே அறை, 36 வருடம்!

இங்கே காசு எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நுழைவுக்கு ஒரு கட்டணம். அதோடு குறைந்தது இரண்டு பானமாவது வாங்கியாக வேண்டும். பானத்தின் காசு அறைக்குப் போகும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு பாடகருக்கு. பல சிறிய அறைகளில் பியானோ வாசிப்பவருக்குப் பாடகரே சம்பளம் தர வேண்டும், ஆட்களையும் அவரே சேர்க்க வேண்டும். பத்துப் பேர் வந்தால் கைக்காசு போகும். அதனால் நீங்கள் போகிறீர்களா இல்லையா என்பது அங்கே உண்மையிலேயே கணக்கில் வருகிறது.

போலீஸ் கொடுத்த அட்டை

ஏன் எல்லா அறையிலும் பியானோ மட்டும்? டிரம்ஸ், சாக்ஸஃபோன் எங்கே? தேடியபோது ஒரு பழைய சட்டம் கிடைத்தது.

1926இல் நியூயார்க் ஒரு கேபரே சட்டம் கொண்டுவந்தது. உணவோ பானமோ விற்கும் இடத்தில் பாட்டும் நடனமும் வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். பிறகு சிறு இடங்களுக்கு ஒரு விலக்கு வந்தது. மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. பியானோ, தந்திக் கருவிகள் மாதிரியானவை மட்டும். டிரம்ஸும் ஊதுகருவியும் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளை 1980களின் பிற்பகுதியில்தான் நீதிமன்றம் நீக்கியது. அறை சின்னது என்பதும் காரணம்தான், ஆனால் பியானோ மட்டும் நிற்கும் வழக்கத்தில் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இதைவிட மோசமானது 1940இல் வந்த கேபரே அட்டை. கிளப்பில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் போலீஸிடம் கைரேகை கொடுத்து அட்டை வாங்க வேண்டும். அட்டை போனால் பிழைப்புப் போச்சு. 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்ற பில்லி ஹாலிடேவுக்கு அப்படித்தான் ஆனது. 1948 மார்ச்சில் கார்னகி ஹாலில் அவர் பாடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது, ஏனென்றால் கச்சேரி அரங்குக்கு அட்டை தேவையில்லை. ஆனால் பக்கத்துத் தெருவின் சின்ன கிளப்பில் பாட முடியாது. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951இல் அட்டையை இழந்து, 1957இல்தான் திரும்பக் கிளப்பில் வாசித்தார். அட்டை முறை 1967இல் ஒழிந்தது. மிச்சமிருந்த நடனத் தடை 2017இல்தான் போனது. 91 வருடம்!

தொடர விரும்புபவர்களுக்கு

துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி வையுங்கள். நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன்: தேதி, நாடகம், வேடம், யாருக்குப் பதில் யார். மாற்று நடிகர்கள் தாங்கள் மேடையேறும் நாளைத் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் சொல்வதுண்டு. அன்றைக்கு லாட்டரி டிக்கெட்டோ, டைம்ஸ் ஸ்கொயரில் 1973 முதல் இருக்கும் டிகேடிஎஸ் தள்ளுபடிக் கவுண்டரோ முயற்சி செய்யலாம். லிங்கன் சென்டரில் உள்ள நியூயார்க் பொது நூலகக் கிளையில் 1970இலிருந்து நாடகங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், பிரதி எடுக்க முடியாது. ஆனால் எந்தச் சனிக்கிழமை மதியம் எந்த ஸ்விங் பாடினார் என்பது அதில் இருக்காது. அது பார்த்தவர் தலையில் மட்டும்தான்.

என் ஷீட்டில் அந்தப் பாடகிக்கு நான்கு வருடத்தில் ஒன்பது வரிகள். மூன்று நாடகக் காட்சிகள், ஆறு திங்கட்கிழமைகள். ஆறாவதில் பதினாலு பேர்தான் இருந்தோம். முடிந்ததும் வாசலில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க ஒவ்வொரு தடவையும் வர்றீங்களே" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

ஏழாவது திங்கட்கிழமை எனக்கு ப்ரொடக்‌ஷன் ரிலீஸ். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதுதான் அந்த ஊரில் அவருடைய கடைசி நிகழ்ச்சி. சொந்த ஊருக்குப் போய்ப் பள்ளியில் பாட்டுச் சொல்லித் தருகிறாராம், பிறகு அவர் பக்கத்தில் படித்தேன். பெயரை இங்கே எழுதவில்லை, அவரிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை. அந்த ரிலீஸில் என்ன மாற்றினோம் என்பது இப்போது எனக்கு ஞாபகமே இல்லை.

ஷீட்டில் பத்தாவது வரியில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.