நண்டுக் கூடு விற்பனை: லாபமும் பொறுப்பும்

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் மழை பெய்து, பாலாறு-பொருந்தலாறு அணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், நம் கடைகளுக்கு ஒரு புதிய வாடிக்கையாளர் கூட்டம் வந்து சேரும். தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு கேட்டு வந்த காலம் போய், இப்போது "அண்ணாச்சி, நண்டுக் கூடு இருக்கா? மடக்குற கூண்டு இருக்கா?" என்று கேட்கிறார்கள். பள்ளி விடுமுறையில் சிறுவர்களும், ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு நம்மில் சிலருமே கூட, ஒரு பொழுதுபோக்காகக் கூடு வைக்கக் கிளம்பிவிடுகிறோம்.

சிறு முதலீட்டில் ஓரளவு லாபம் தரும் சரக்கு இது. கூடு வாங்குபவர் அதோடு இரைக்குப் பிண்ணாக்கு, தவிடு, கருவாடு, கட்டுவதற்குக் கயிறு என்று நாலைந்து பொருள்களைச் சேர்த்து வாங்கிப் போகிறார். ஆனால் எந்தக் கூட்டை வாங்கி விற்பது, எப்படிப் பயன்படுத்தச் சொல்வது என்பதில் நாம் கவனக்குறைவாக இருந்தால், வியாபாரத்துக்கும் ஊர்க் குளத்துக்கும் கேடு வந்து சேரும். ஆகவே இது பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நம் பக்கத்தில் கிடைப்பது என்ன?

மேலைநாடுகளில் இத்தகைய கூடுகள் பெரும்பாலும் 'கிரேஃபிஷ்' என்னும் நன்னீர்ச் சிங்கி இறாலுக்காகவே செய்யப்படுகின்றன. கூண்டின் அட்டையில் அதன் படம் அச்சாகி இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஏரியில் கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்திய நீர்நிலைகளில் அது இயற்கையாக வாழ்வதில்லை என்பதே விடை.

நம் வயல்களிலும் வாய்க்கால்களிலும் கிடைப்பது வயல் நண்டு. குளங்களில் பொடி இறால். காவிரியில் பேர்பெற்ற பெரிய ஆற்று இறாலின் குஞ்சு வளர உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் சண்முகநதி வழியாக அமராவதியில் சேர்ந்து, அமராவதி கரூருக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. இடையில் எத்தனையோ தடுப்பணைகள். கடலோரத்தில் பிறந்த இறால் அவ்வளவு தூரம் ஏறி வருவது கடினம். எனவே "கிலோ கணக்கில் பெரிய இறால் விழும்" என்று சொல்லி யாரும் கூடு விற்க வேண்டாம். இரண்டாம் முறை அந்த வாடிக்கையாளர் நம் கடைப் படி ஏறமாட்டார்.

ஊத்தாவும் பறியும்

கூடு வைத்துப் பிடிப்பது நமக்குப் புதிதல்ல. அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடையாகிய ஊத்தாவை ஆழமில்லாத தண்ணீரில் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு மீனை எடுப்பது இன்றும் நத்தம், சாணார்பட்டிப் பக்கத்து மீன்பிடித் திருவிழாக்களில் காணக்கூடிய காட்சி. மடைவாயில் வைக்கும் மூங்கில் பறி ஓடுநீரில் வருவதைத் தடுத்துப் பிடிக்கும். மண்டபம் கடற்கரையில் வேல மரக் குச்சிகளால் முடைந்த கூடுகளைப் பாறைகளுக்கிடையே இறக்கி மீன் பிடிப்பது பல காலமாக நடந்து வருகிறது.

பறி, கூடு போன்றவற்றின் சூட்சுமம் ஒன்றுதான். உள்ளே போகும் வாய் அகலமாகத் தொடங்கிப் போகப் போகக் குறுகும். நுழைவது சுலபம், உள்ளே சென்றபின் அந்தச் சிறு வாயைக் கண்டுபிடித்து வெளியேறுவது கடினம். மடக்கு வலைக் கூண்டும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. மூங்கிலுக்குப் பதில் கம்பிச் சட்டமும் நைலான் வலையும் வந்திருக்கின்றன, அவ்வளவே.

வேறுபாடு ஒன்று உண்டு. மூங்கில் கூடு தொலைந்தால் சில காலத்தில் மக்கிவிடும். நைலான் வலை எளிதில் மக்காது. ஆளில்லாமல் குளத்தடியில் கிடந்து அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்ததைத் தின்ன அடுத்தது வரும்; அதுவும் மாட்டும்.

ஒரு காலை அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நண்பர் குழு ஒன்று, மடக்குக் கூண்டு நான்கை மாலையில் ஒரு கண்மாயில் இறக்கியது. மறுநாள் வேலைப் பளுவில் யாரும் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை தூக்கிப் பார்த்தபோது, மூன்றில் நாலைந்து நண்டுகள். நான்காவதில் மூச்சுக்கு மேலே வர வழியில்லாமல் இறந்து போன பால் ஆமை ஒன்று. நண்டைச் சமைக்க அன்று யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கூண்டுகளை விற்றதும் எங்களில் ஒருவர் கடைதான். "வாய் இவ்வளவு பெரிசு என்று நாமே பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பால் ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் விற்பதும் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரையான சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உயிரோடு மாட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டு வியாபாரிகள் கற்ற பாடம்

ஆஸ்திரேலியாவில் 'யாபி' என்னும் நன்னீர்ச் சிங்கியைப் பிடிக்க, சிட்னி நகர ஒப்பேரா மாளிகையின் வடிவில் மூடிய வலைக்கூண்டு ஒன்று கடைதோறும் விற்றது. அதில் பிளாட்டிபஸ் என்னும் அரிய நீர்வாழ் பிராணியும் ஆமைகளும் மூழ்கிச் சாவது தெரிய வந்ததும், விக்டோரியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் அந்தக் கூண்டைத் தடை செய்தது. நியூ சவுத் வேல்ஸ் 2021-இல் அதே வழியில் சென்றது. மேல்வாய் திறந்த தூக்கு வலைக்குத் தடையில்லை. இப்படி ஒரு தடை வந்தால் பழைய சரக்கைக் குவித்து வைத்திருக்கும் கடைக்காரரின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் அனுமதி பெறாமல் சிங்கிக் கூடு வைக்க முடியாது. நீர்நாய் நுழையாதபடி கூட்டின் வாய் 95 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் தடுப்புச் சட்டம் பொருத்த வேண்டும்.

சுவீடனில் ஆகஸ்ட் மாதம் சிங்கி விருந்து ஒரு பண்டிகை போலவே நடக்கும். 1907-இல் பின்லாந்திலிருந்து இறக்குமதியான சரக்கோடு ஒரு பூஞ்சை போன்ற நோயும் வந்து சேர்ந்தது. அந்நாட்டின் சொந்தச் சிங்கி இனம் ஏரி ஏரியாக அழிந்தது. நோயைத் தாங்கும் அமெரிக்கச் சிங்கியை 1960-களில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இனமே நோயையும் சுமந்து திரிந்ததால் சொந்த இனம் மேலும் நலிந்தது. வியாபாரச் சரக்கு ஒன்று ஒரு நாட்டின் நீர்நிலைகளையே மாற்றிவிட்ட கதை இது. அலங்கார மீன் கடைகளில் சிங்கி விற்கும் நம் நண்பர்கள், "வளர்க்க முடியவில்லை என்றால் குளத்தில் விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். 1952-இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை?

கொள்முதல் செய்யும்போது பார்க்க வேண்டியவை

1. வாய் அளவு: நண்டுக்கும் இறாலுக்கும் மூன்று விரல் அகலம் தாராளம். கை முழுவதும் நுழையும் வாய் உள்ள கூண்டை வாங்காதீர்கள்.

2. வலைக்கண்: மிகப் பொடியான கண் வேண்டாம். சுண்டுவிரல் நுழையும் கண் இருந்தால் குஞ்சுகள் தாமாக வெளியேறிவிடும்.

3. சட்டம்: பூச்சு இல்லாத கம்பி ஒரே பருவத்தில் துருப்பிடித்து முறியும். மடக்கும் மூட்டுகளை ஐந்தாறு முறை மடக்கி விரித்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

4. கதவுக் கட்டு: கதவை நைலான் கயிற்றால் கட்டாமல் சணல் அல்லது பருத்தி நூலால் கட்டச் சொல்லுங்கள். கூண்டு தொலைந்து போனாலும் சணல் மக்கிக் கதவு திறந்துகொள்ளும். கடலில் சிங்கி இறால் கூடு வைக்கும் நாடுகள் பலவற்றில் இந்த முறை உண்டு. நம் கடையில் கிடக்கும் சணல் உருண்டைக்கும் ஒரு விற்பனை ஆயிற்று.

5. மூங்கில் கூடு: உள்ளூரில் முடைபவர் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குங்கள். மக்கும் பொருள் என்பதோடு, ஊர்ப் பணம் ஊரிலேயே சுற்றும்.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை

நண்டும் இறாலும் இரவில் இரை தேடுபவை. ஆகவே பொழுது சாயும்போது வைத்து, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கூண்டை நீரில் விடக் கூடாது. கூண்டின் மேற்பகுதி சற்றுத் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி கரையோரம் வைத்தால், தவறி நுழைந்த ஆமையும் மூச்சு வாங்கிப் பிழைக்கும்.

இரைக்குக் கடலைப் பிண்ணாக்கு, தவிடு உருண்டை, கருவாட்டுத் தலை, கோழிக் குடல் ஆகியவை ஏற்றவை. இரையைத் துளையிட்ட டப்பாவிலோ துணி முடிச்சிலோ வைத்துக் கூண்டின் நடுவில் கட்ட வேண்டும். சும்மா போட்டால் வலைக்கு வெளியே நின்றே தின்றுவிட்டுப் போய்விடும். கனத்துக்கு ஒரு கல் வைத்து, கரை மரத்தில் கயிற்றைக் கட்டி, உரிமையாளர் பெயர் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிடுவது நல்லது.

வயிற்று மடிப்பில் முட்டையோ குஞ்சோ சுமக்கும் தாய் நண்டைத் திரும்ப விட வேண்டும். மருந்து அடித்த வயல் நண்டு வேண்டவே வேண்டாம். சளிக்கு நண்டு ரசம் வைப்பவர்கள் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும்; நன்னீர் நண்டு அரைவேக்காடாக இருந்தால் நுரையீரல் புழு தொற்றும் அபாயம் உண்டு.

அணை, கண்மாய், ஊருணி ஆகியவற்றில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கக்கூடும். குத்தகைதாரரையோ மீன்வளத் துறையையோ கேட்காமல் கூடு வைக்கக் கூடாது. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியும் விஷமும் போடுவதைத் தடை செய்கிறது. அசையாமல் நிறுத்தி வைக்கும் கூண்டு, பொறி ஆகியவற்றையும் வலைக்கண் அளவையும் கட்டுப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. சொந்த வயல் வாய்க்காலில் வைப்பதில் இந்தத் தகராறு இல்லை. வரப்பைத் துளைக்கும் நண்டு குறைவதில் விவசாயிக்கும் மகிழ்ச்சிதான்.

சரக்கு வைக்கும் காலம்

ஐப்பசி மழையோடு கேட்பு தொடங்கும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, தொடர்ந்து தைப்பூசப் பாதயாத்திரை என்று பழனிச் சுற்றுவட்டாரம் முழுவதும் கவுச்சி ஒதுக்கும் நாட்கள் வந்துவிடும், விற்பனை படுத்துவிடும். எனவே புரட்டாசியில் அளவாக எடுத்து, ஐப்பசிக்குள் விற்றுவிடுவதே புத்திசாலித்தனம். மலிவாக வருகிறதே என்று பெட்டி பெட்டியாக இறக்கி முதலை முடக்க வேண்டாம்.

கூட்டோடு மேற்சொன்ன குறிப்புகளை ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டுக் கொடுத்தால் பெரிய செலவு ஆகிவிடாது. நாலு கடைக்காரர்கள் சேர்ந்து அச்சடித்தால் இன்னும் குறையும். அடுத்த மழைக்கு முன் நம் ஊரில் இதைச் செய்வது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மற்ற ஊர் வணிக நண்பர்களும் முன்வர வேண்டுகிறோம்.