ஒரே நீதிமன்றம், இரு தீர்ப்புகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் தனி நீதித்துறையைக் கொண்டுள்ளது. மாநிலத்தின் உட்பிரிவு ‘கவுண்டி’ எனப்படும். நம் மாவட்டத்திற்கு ஏறத்தாழ ஒப்பானது அது. ஃபுளோரிடா மாநிலத்தில் 67 கவுண்டிகள் உள்ளன. ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களையும் சிறு தொகை வழக்குகளையும் கவுண்டி நீதிமன்றம் விசாரிக்கும். கொடுங்குற்றங்கள் அதற்கு மேலுள்ள சர்க்யூட் நீதிமன்றத்திற்குச் செல்லும். பே கவுண்டி வேறு ஐந்து கவுண்டிகளுடன் சேர்ந்து 14ஆம் சர்க்யூட்டில் அடங்கும்.

இந்நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது நமக்கு வியப்பளிக்கும். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இடம்பெறாது. வாக்கை நாடி நிற்பவர் மக்கள் விரும்பாத தீர்ப்பை அஞ்சாது வழங்குவாரா என்ற ஐயம் அந்நாட்டிலேயே உண்டு. ஆயினும் விசாரணை நீதிமன்றத்தில் நீதி பிழைபடுவதற்கு நீதிபதியின் அச்சம் மட்டுமே காரணமாவதில்லை.

சாட்சியை நேரில் கண்டு, அவர் கூற்றைக் கேட்டு, நடந்தது இன்னது என முடிவு செய்யும் இடம் விசாரணை நீதிமன்றமே. மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் பதிவான ஏடுகளையே ஆராயும். கீழே கேட்கப்படாத வினாவுக்கு மேலே விடை கிடைப்பது அரிது. பே கவுண்டியில் நடந்த வழக்கொன்று இதனை விளக்கும்.

1961ஆம் ஆண்டு சூன் திங்களில், பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் திருட்டு நிகழ்ந்தது. உள்நுழைந்து திருடியதாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் கைது செய்யப்பட்டார். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். வழக்கறிஞரை அமர்த்தப் பொருளற்றவர். தமக்கு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருமாறு நீதிபதி ராபர்ட் மெக்ரேரியிடம் அவர் வேண்டினார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அவ்வாறு தர மாநிலச் சட்டம் இடமளித்தது, நீதிபதி மறுத்தார். கிடியன் தமக்காகத் தாமே வாதாடினார். ஆறு பேர் கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை ஐந்தாண்டுச் சிறை.

சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வறியவர் என்பதற்காக அதை எவரும் ஒதுக்கிவிடவில்லை. 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கொடுங்குற்ற வழக்கில் வழக்கறிஞரை அமர்த்த இயலாதவருக்கு மாநிலமே அமர்த்தித் தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். கிடியன் திருடினாரா இல்லையா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்யவில்லை என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். வழக்கு மீண்டும் பே கவுண்டிக்கே வந்தது.

1963 ஆகஸ்டில் அதே நகரில், அதே நீதிபதியின் முன், அதே குற்றச்சாட்டு விசாரிக்கப்பட்டது. இம்முறை உள்ளூர் வழக்கறிஞர் ஃபிரெட் டர்னர் கிடியனுக்காக நின்றார். முதன்மைச் சாட்சியின் கூற்றை அவர் குறுக்கு விசாரணையில் ஐயத்திற்குரியதாக்கினார். சம்பவத்தன்று தம்மை ஏற்றிச் சென்றதை எவரிடமும் கூறவேண்டாம் என்று கிடியன் சொன்னதாக டாக்சி ஓட்டுநர் ஒருவர் சாட்சியமளித்தார். கேட்ட அளவில் அது குற்றவாளியின் பேச்சாகவே தோன்றும். முன்பும் அவ்வாறு சொன்னதுண்டா என வினவினார் டர்னர். டாக்சியை அழைக்கும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார், மனைவியுடன் இருந்த பிணக்கே காரணம் என்றார் ஓட்டுநர். ஒரு வினாவில் சாட்சியத்தின் பொருளே மாறிவிட்டது! ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆராய்ந்த ஜூரி, கிடியன் குற்றமற்றவர் என அறிவித்தது.

அவ்வாண்டிலேயே ஃபுளோரிடா சட்டமன்றம் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் வறியோருக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் பதவியை ஏற்படுத்தியது. நீதிபதியைப் போன்றே இப்பதவிக்கு உரியவரையும் மக்கள் வாக்களித்தே தேர்ந்தெடுக்கின்றனர்.